சாய்ந்த வேலிக்காலும் கடிபடாத சுரைக்காயும்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், முயல்கள் சேர்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டம் போட்டிருந்தன. காட்டில் ஏது தோட்டம் என்று கேட்காதீர்கள் குழந்தைகளே, இந்தக் காட்டில் இருந்தது. கோடை வந்து புல்லெல்லாம் காய்ந்து போனால் முயல்களுக்கு அந்தக் கிழங்குதான் சோறு.

தோட்டத்தைச் சுற்றி இலந்தை முள்ளை அடர்த்தியாக அடைத்து வேலி கட்டியிருந்தன. முள்ளைத் தாங்குவதற்கு, இடம் விட்டு இடம் மரக்கால்கள் நட்டிருந்தன. இத்தனை பாடும் யாருக்காக என்றால், கோரையன் என்ற காட்டுப்பன்றிக்காக. கிழங்கு வாசனை வந்தால் கோரையனுக்குத் தூக்கம் வராது. ஒரே ஓர் இரவு அவன் உள்ளே வந்துவிட்டால் போதும், விடியும்போது தோட்டத்தில் வெறும் மண்தான் மிஞ்சும்.

ஒரு நாள் காலையில் எல்லாரும் எழுந்து பார்த்தால், ஓடைப் பக்கத்து வேலிக்கால் வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து முள்ளெல்லாம் சரிந்துவிடும்.

"கால் உளுத்துப் போச்சு," என்றார் நெட்டைச்செவியார். அவர்தான் முயல்களுக்குத் தலைவர். நல்லவர்தான், ஆனால் பாராட்டு என்றால் கொஞ்சம் பலவீனம் உண்டு.

"பிடுங்கிப் போட்டுட்டு வேற நட்டுடலாம்," என்றான் காட்டெருமைப் பாறையன். எந்தச் சிக்கல் வந்தாலும் பாறையன் சொல்லும் வைத்தியம் பிடுங்குவது ஒன்றுதான். "இன்னிக்குச் சாயங்காலம் பிடுங்கறேன். நாளைக்குக் காலையில மலைமேல இருந்து புது மரம் கொண்டாந்துடறேன்."

"அப்ப ராத்திரி?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

கேட்டவள் ஒரு மூஞ்சூறு. பெயர் துருவி. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி, எதற்கு என்று துருவித் துருவிக் கேட்பதால் காடே சேர்ந்து வைத்த பெயர் அது. அவள் மூக்கு அவளுக்கு முன்னால் போய், கதவில்லாத இடத்திலும் நுழைந்துவிடும்.

"ராத்திரியைப் பத்தி ஏன் கவலை?" என்று வேலிக்கு வெளியே இருந்து இன்னொரு குரல் வந்தது. கோரையன்தான். "ஒரு ராத்திரிதானே தம்பிகளா? நானே வந்து காவல் படுத்துக்கறேன். பழைய காலை வச்சுக்கிட்டு மாரடிக்காதீங்க, பிடுங்கிடுங்க."

"பாருங்க, எவ்வளவு நல்ல மனசு," என்றார் நெட்டைச்செவியார்.

துருவிக்கு மூக்கு துடித்தது. வேலி போட்டதே இவருக்காகத்தான். அந்த வேலி கெட்டியாக இருக்க வேண்டும் என்று இவருக்கு என்ன அக்கறை?

"முதல்ல கால் ஏன் சாஞ்சுதுன்னு பார்க்கலாமே," என்றாள்.

முள்ளம்பன்றி சிலுப்பன் கனைத்தான். யார்மேலாவது சந்தேகப்படாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது. "அதைப் பார்க்க வேற எங்க போகணும்? அந்தக் காலுக்கு அடியில யாரு வளை இருக்கு?"

எல்லாரும் துருவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காலின் அடியில், உள்பக்கம், அவளுடைய வளைதான் இருந்தது. அதற்குள் இன்னும் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன.

"அதான் பிடுங்க வேண்டாம்னு பாக்கறா," என்றான் சிலுப்பன். "தோட்டம் போனாலும் சரி, இவ வீடு இடியக்கூடாது."

காலைப் பிடுங்கினால் வளை இடிந்து குட்டிகள் மண்ணுக்குள் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அவளை அதைவிடப் பயமுறுத்தியது வேறொன்று. ஒருவேளை நான் தோண்டியதால்தான் கால் சாய்ந்ததோ? அப்படியென்றால் இத்தனை முயல்களின் சோற்றில் மண்ணைப் போட்டவள் நானா?

பயமாக இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. துருவியின் சுபாவம் அது.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

முதலில் தன் வளைக்குள்தான் போனாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். மண் காய்ந்து கெட்டியாக இருந்தது, ஒரு விரிசல்கூட இல்லை. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்து, காலின் அடிப்பக்கத்தைப் பல்லால் சுரண்டினாள். பொடி உதிரவில்லை. கறையான் மண் இல்லை. உள்ளே வைரம் பாய்ந்த மரம், நேற்று வெட்டியதுபோல மணத்தது. "இது எங்க உளுத்திருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

பிறகு காலைச் சுற்றி முகர்ந்து வந்தாள். ஒரு பக்கம் மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லையே, ஈரம் எங்கிருந்து வந்தது?

அது புரியாத விஷயமே இல்லை. நெட்டைச்செவியார் ஒரு சுரைக்கொடி வைத்திருந்தார். அந்தக் கொடியை இந்தக் காலில்தான் ஏற்றிவிட்டிருந்தார். தினமும் கொட்டாங்குச்சியில் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். கொடி நிறைய இலை, கொடி நிறைய வெள்ளைப் பூ. ஆனால் காய் மட்டும் கண்ணில் படவில்லை. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று அவர் மேலும் மேலும் ஊற்றினார்.

இவ்வளவு பூ பூத்தும் காய் இல்லை என்றால், அந்தக் காயெல்லாம் எங்கே போயிற்று?

துருவி அண்ணாந்து பார்த்தாள். கொடி காலின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து முள்ளுக்கு மேலே தாவி, வெளிப்பக்கம் போயிருந்தது. வெளிப்பக்கத்தில்தான் வெயில் நன்றாக அடிக்கும். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியாது. ஓடைக்குப் போகும் வழி வேறு பக்கம் இருந்ததால், வேலி கட்டிய நாளிலிருந்து யாரும் அதை வெளியே போய்ப் பார்த்ததில்லை.

மூஞ்சூறுக்கு முள் ஒரு பொருட்டா? உடம்பைச் சுருக்கி, இடுக்கில் புகுந்து, மறுபக்கம் போய் நின்றாள். நின்றவள் வாயைப் பிளந்தாள்.

காலின் தலையிலிருந்து சுரைக்காய்கள் தொங்கின. கொழுகொழுவென்று, இளம் பச்சையாக, ஒவ்வொன்றும் ஒரு முயல் கனம் இருக்கும். அத்தனையும் சேர்ந்து காலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. கீழே ஈர மண், மேலே இவ்வளவு பாரம். பாவம், கால் வேறு என்னதான் செய்யும்?

ஆனால் துருவி ஆச்சரியப்பட்டது அதற்கல்ல. காய்கள் தொங்கியது சரியாகக் கோரையனின் வாய் உயரத்தில். கீழே மண்ணெல்லாம் அவன் குளம்படி. தினமும் இங்கேதான் வந்து நிற்கிறான். அப்படியிருந்தும் ஒரு காயில்கூடப் பல் படவில்லை.

அழுகின கிழங்கைக்கூட விடாத பன்றி, மூக்குக்கு நேரே தொங்கும் சுரைக்காயை ஏன் தொடாமல் விட்டிருக்கிறான்?

யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் வால் நுனி வரை சில்லிட்டது.

உள்ளே ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னாள். நெட்டைச்செவியாருக்குக் காது இரண்டும் விறைத்துக்கொண்டன. "என் கொடியா? என் கொடி காலைச் சாய்ச்சுதா? கோரையன் தம்பி தினமும் என் கொடியைப் பார்த்துட்டு, 'அண்ணே, உங்க கைராசி யாருக்கும் வராது, இன்னும் தண்ணி விடுங்க'ன்னு சொல்லிட்டுப் போவான். அவனுக்குத் தெரியாதா?"

"அவருக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றாள் துருவி. யாரும் நம்பவில்லை.

வெயில் தாழ்ந்தது. பாறையன் வேலிக்கு உள்ளே நின்று, காட்டுக்கொடியை முறுக்கிக் கயிறாக்கி, ஒரு முனையைக் காலின் தலையிலும் மறு முனையைத் தன் கழுத்திலும் கட்டிக்கொண்டான். வெளியே கோரையன் நாக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"பிடுங்கட்டுமா?" என்றான் பாறையன்.

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன் அண்ணே. அது வரைக்கும் கயிறைத் தளர விடாம அப்படியே நில்லுங்க," என்று சொல்லிவிட்டுத் துருவி முள்ளுக்குள் புகுந்தாள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் வளையும் போச்சு, குட்டியும் போச்சு.

மறுபக்கம் போய், உள்ளே உள்ளவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"கோரையண்ணே, இந்தச் சுரைக்காய் கசக்குமா?"

"என்னது?"

"இல்ல, வாய்க்கு நேரா தொங்குது, நீங்க ஒண்ணைக்கூடக் கடிக்கலியே. அதான், எங்க தலைவர் வச்ச கொடி கசப்புக் கொடியோன்னு நினைச்சேன்."

வேலிக்கு உள்ளே நெட்டைச்செவியார் துள்ளினார். "கசப்பா? என் கொடியில காய்ச்ச காயா?"

கோரையன் விழித்தான். கசப்பு என்று சொன்னால், இத்தனை நாள் கொடியைப் புகழ்ந்தது பொய்யாகிவிடும். "சேச்சே, தேன் மாதிரி இருக்கும்," என்றான்.

"தின்னாம எப்படிண்ணே தெரியும்?"

கோரையன் பார்வையை ஓடைப் பக்கம் திருப்பினான்.

"இனிப்புன்னா தின்னிருப்பீங்க. கசப்புன்னா சொல்லியிருப்பீங்க," என்றாள் துருவி. "தின்னவும் இல்ல, சொல்லவும் இல்ல. வேற எதுக்காக இதைப் பத்திரமா விட்டு வச்சிருக்கீங்க?"

உள்ளே சிலுப்பனின் முள்ளெல்லாம் எழுந்து நின்றன. அவனுடைய சந்தேகம் இப்போதுதான் சரியான ஆள்மேல் விழுந்தது.

கோரையன் மழுப்பப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல, உங்க தலைவர் பொருளாச்சேன்னு மரியாதைக்கு விட்டேன். அவர் சொன்னா இப்பவே தின்னு காட்டறேன்."

"தின்னுய்யா, தின்னு காட்டு," என்றார் நெட்டைச்செவியார்.

கோரையன் ஒரு காயைக் கடித்தான். ஒன்று தின்றால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டான். ஆனால் எத்தனையோ நாள் ஆசையை அடக்கி வைத்திருந்த வாய் அது. ஒன்றோடு நிற்குமா? அடுத்ததைக் கடித்தான். அதற்கடுத்ததையும் கடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, சாறு ஒழுக ஒழுகத் தின்றான்.

அவன் இழுத்த இழுப்பில் கால் ஒருமுறை ஆடியது. துருவிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பாறையன் கயிற்றைத் தளர விடாமல் நின்றான்.

ஒரு காய் போனது. கால் மெல்ல முனகியது. இன்னொரு காய் போனது. கால் இம்மியளவு நிமிர்ந்தது. முயல்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. கடைசிக் காயும் போனபோது, பாறையன் ஓர் அடிகூட இழுக்காமலே வேலிக்கால் பாதி நிமிர்ந்து நின்றது.

நெட்டைச்செவியாரின் காது இரண்டும் தொங்கிப்போயின. "நான் ஊத்தின தண்ணி," என்றார். "நான் ஏத்தின கொடி."

வயிறு முட்டத் தின்ற கோரையன் அங்கேயே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான். அதன் பிறகு உள்ளே நடந்த வேலையைப் பார்க்க வேண்டுமே! சிலுப்பன் வளையைத் தொடாமல் ஒதுங்கி, காலின் உள்பக்கத்து மண்ணைக் கொஞ்சமாக இளக்கினான். பாறையன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து காலை இழுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் எதையும் பிடுங்காமல் இழுத்தான்.

கால் நிமிர நிமிர வெளிப்பக்கம் அடியில் ஒரு சந்து விழுந்தது. அதை அடைக்க வேண்டுமே, யார் போவது? துருவிதான் போனாள். ஓடைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக உருட்டி, குறட்டை விடும் மூக்கை ஒட்டியே கொண்டுபோய், சந்தில் இறுக்கினாள். ஒரு தடவை கோரையன் தூக்கத்தில் முனகிப் புரண்டான். அவள் கல்லோடு கல்லாகக் கிடந்தாள். அவன் மறுபடி குறட்டை விட்டதும் அடுத்த கல்லுக்கு ஓடினாள்.

ஈர மண்ணை அள்ளிவிட்டுக் காய்ந்த மண்ணைப் போட்டார்கள். முயல்கள் வரிசையாக நின்று பின்னங்காலால் தொம் தொம் என்று மிதித்தன. கொஞ்சம் மண், கொஞ்சம் மிதி, மறுபடி மண், மறுபடி மிதி. பாறையனின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து, உள்பக்கம் ஒரு முளை அடித்து அதில் கட்டினார்கள்.

சத்தம் கேட்டுக் கோரையன் கண் விழித்தான். எதிரே வேலிக்கால் நெட்டுக்குத்தாக நின்றது. அதே பழைய கால்தான்.

"பிடுங்கலியா?" என்றான்.

"பிடுங்க வேண்டிய தேவையே வரலண்ணே," என்றாள் துருவி, முள்ளுக்குள் இருந்து. "பாரமெல்லாம் நீங்களே இறக்கிட்டீங்க."

நெட்டைச்செவியார் கொடியை அறுத்துவிடலாமா என்று கேட்டார். பாவம், மனசு உடைந்துதான் கேட்டார். வேண்டாம், தள்ளி நட்டுத் தரையில் படர விடுங்கள் என்றாள் துருவி. பிறகு வளைக்குப் போனாள். அத்தனை தொம் தொம் சத்தத்திலும் குட்டிகள் விழிக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் கோரையன் வழக்கம்போல வந்தான். காலை மூக்கால் ஒரு முட்டு முட்டிப் பார்த்தான். அது அசையவில்லை.

"கோரையண்ணே," என்று வேலிக்கு உள்ளே இருந்து துருவி கேட்டாள். "நேத்துத் தின்ன சுரைக்காய் எப்படி இருந்தது?"

கோரையன் திரும்பி நடந்தான். போகிறபோக்கில் சொன்னான்:

"கசப்பு."

நீதி: ஒன்று சாய்ந்து நின்றால், அதைப் பிடுங்குவதற்கு முன், அதைச் சாய்த்தது எது என்று மறுபக்கமும் போய்ப் பார்.