எலுமிச்சம்பழத்தை முழுங்கின டயரு

ஒரு மலையில ஒரு பிக்கப்பு வண்டி இருந்துச்சு. பழைய வண்டி. பேரு செல்லாத்தா, நெத்தியிலயே எழுதியிருக்கும். நடுவுல 'ல்லா' மட்டும் மழையில அழிஞ்சுபோயி, புதுசாப் பாக்குறவங்க 'செத்தா'ன்னு படிச்சுட்டு ஏற யோசிப்பாங்க.

ஓட்டுறவன் செங்கோடன். அவன் பொண்டாட்டி அத்தாயி. பலாப்பழம், மொளகு மூட்டை, அதுக்கு மேல சந்தைக்குப் போற பொம்பளைங்கன்னு ஏத்திக்கிட்டு மலையிறங்குறதுதான் செல்லாத்தாவோட பொழப்பு.

போன மழைக்கு செம்மண்ணு சேத்துல பொதைஞ்சு நின்னுட்டா. எதுத்த தோட்டத்து ஜீப்பு வந்து கயிறு கட்டி இழுத்துச்சு. இழுத்ததோட போச்சா? "என்ன பெரியம்மா, செருப்பு தேஞ்சுபோச்சா?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. அந்த ஜீப்புக்கு வாய் அப்படி. ஒரு கல்யாணத்துக்குப் போயி, மாப்பிள்ளை ஏறுறதுக்கு முன்னாடியே கெளம்பிருச்சு. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா பின்னாலயே ஓடியாந்தாரு. பொண்ணு வீட்டுக்காரங்க ஓடிப்போறாருன்னு நெனைச்சு அவரைத் தொரத்துனாங்க! சரி, அது கெடக்கட்டும்.

ஜீப்பு பேசுனதை செல்லாத்தா மறந்துட்டா. செங்கோடன் மறக்கலை. டவுனுக்குப் போயி, கொட்டை கொட்டையா பட்டன் வச்ச டயரா பாத்து, இருந்ததைவிட ரொம்பப் பெருசா மாட்டிக்கிட்டான். கடை வாசல்ல ஸ்டேரிங்கை முழுசா ஒடிச்சு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரலை விட்டான். விரலு போச்சு. "இது போதும்"னு வந்துட்டான். பழைய டயருல ஒண்ணு ஸ்டெப்னியாச்சு. மத்ததுல கோழிங்க முட்டை வைக்க ஆரம்பிச்சுருச்சு.

அன்னையிலருந்து செல்லாத்தா நின்ன எடத்துலயே கடகடன்னு ஆடிக்கிட்டிருந்தா.

"எதுக்கு நடுங்குற?" புது டயரு கேட்டுச்சு. "சேறு இனிமே என்னைப் பாத்தா ஒதுங்கி நிக்கும்."

"சேறு சரி சாமி. என் மேல ஆளுங்க உக்காருவாங்களே."

"உக்காரட்டும். ஒசரத்துலருந்து ஊரைப் பாக்கட்டும்."

உள்ள இருந்து ஸ்பீடு மீட்டரு அழுகாத கொறையாச் சொல்லுச்சு. "சக்கரம் சுத்துறதைத்தான் நான் எண்ணுவேன். இப்ப ஒரு சுத்துக்கு எடம் ஜாஸ்தி. வண்டி ஓடுறதைவிடக் கொறைச்சுத்தான் காட்டுறேன். இத்தனை வருசமா பொய் சொன்னவன் இல்ல நான்!"

"நீ பொய்தான் சொல்ற," பிரேக்கு முனகுச்சு. "நான் இவனைப் புடிச்சு நிறுத்தணும். என் கை அதே பழைய கைதானே."

மறுநா சந்தை. வண்டிக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம் வச்சாங்க. வண்டி நகர்ந்துச்சு. மத்ததெல்லாம் நசுங்குச்சு. முன்னாடி இடது சக்கரத்துப் பழம் மட்டும் பட்டனுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல போயி முழுசா மாட்டிக்கிச்சு.

அத்தாயிக்கு மொகமே மாறிப்போச்சு. "மாமா, பழம் நசுங்கலையே!"

"டயரு அம்புட்டுப் பெருசு புள்ள. பழத்தையே முழுங்கிருச்சு."

பொம்பளைங்க முக்காலி போட்டு ஏறுனாங்க. "ஏ செங்கோடா, அடுத்த தரம் ஏணி கொண்டா!"ன்னு ஒருத்தி கத்துனா. அத்தாயி முன்னாடி உக்காந்தா. செல்லாத்தாவோட ஸ்பிரிங் பட்டையெல்லாம் அமுங்குச்சு.

மொத கொண்டை ஊசி வளைவுல 'கர்ர்'னு ஒரு சத்தம்.

"அய்யோ, என்னை இடிக்குறான்!" மட்கார்டு அலறுச்சு.

செங்கோடன் காதுலயும் விழுந்துச்சு. கையை நீட்டி பாட்டுப் பெட்டியைக் கூட்டி வச்சான்.

"என்னைத் திட்டாதீங்க," பாட்டுப் பெட்டி சொல்லுச்சு. "திருகுனா கத்துறேன், அம்புட்டுத்தான்."

ரெண்டாவது வளைவு. மறுபடியும் 'கர்ர்'. பாட்டு இன்னும் கூடுச்சு. செல்லாத்தா கதவை ஆட்டிப் பாத்தா, கண்ணாடியை உலுக்கிப் பாத்தா. கீழ ஆனைப்பள்ளத்து வளைவு வருது. அங்க வெளிம்புச் சுவரு இல்ல. போன வருசம் ஒரு வாழைத்தாரு லாரி அங்க கவுந்து, கொரங்குங்க ஒரு வாரம் மத்த எடத்துக்கே போகலை. டிரைவரு மரத்துல தொத்திப் பொழைச்சாரு. எல்லாருக்குமா அங்க மரம் இருக்கும்?

"யாராச்சும் சொல்லுங்களேன்!" செல்லாத்தா கெஞ்சுனா.

"நான் சொல்றேன்," பள்ளத்துக்குள்ள இருந்து எலுமிச்சம்பழம் சொல்லுச்சு. "டயரோட சுத்திச் சுத்தி மட்கார்டு வெளிம்புகிட்டத்தான் போறேன். இந்தத் தரம் கொஞ்சம் எட்டிப் பாக்குறேன்."

"அறுத்துப்போடும்டா!" செல்லாத்தா பதறுனா.

"நசுங்கத்தானே என்னை வச்சாங்க?"

அடுத்த வளைவு. மட்கார்டு வெளிம்பு பழத்தை ரெண்டாச் சீவுச்சு. கருகுன ரப்பரு நாத்தத்தோட எலுமிச்சை வாசமும் குப்புன்னு உள்ள வந்துச்சு.

"மாமா, நிறுத்துங்க!" அத்தாயி துள்ளி எந்திரிச்சா. "நசுங்காத பழம் மணக்குது. ஆத்தா கூப்புடுறா. சூடம் கொளுத்தணும்."

"வளைவுல எவளாச்சும் சூடம் கொளுத்துவாளா?"

"ஆத்தாகிட்டயே கேளுங்க!"

பொண்டாட்டி பேச்சைத் தட்டுவான், ஆத்தாவைத் தட்டமாட்டான். பிரேக்கு பல்லைக் கடிச்சு இழுத்து, ஆனைப்பள்ளத்துக்கு ஒரு வளைவு முன்னாடி வண்டி நின்னுச்சு. சக்கரத்துக்குக் கல்லு கொடுத்துட்டு செங்கோடன் குனிஞ்சு பாத்தான்.

பாதிப் பழம் டயருல. பாதி மட்கார்டுல. டயரு வெலாவுல கத்தி வச்ச மாதிரி நீளமா கீறல், உள்ள நூலு தெரியுது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல காத்துகூடப் போகாது.

"இந்த மட்கார்டுதான் கடிக்குது!" சுத்தியலை எடுத்தான்.

"மொத வளைவுலருந்து கத்துனேன்," மட்கார்டு நடுங்குச்சு. "அதுக்கு அடியா?"



"எல்லாரும் எறங்குங்கடி, சூடம் காட்டணும்," அத்தாயி கூப்புட்டா. பொம்பளைங்க ஒருத்தி தோளை ஒருத்தி புடிச்சு எறங்குனாங்க. ஒவ்வொருத்தி எறங்க எறங்க, செல்லாத்தா பெருமூச்சு விட்ட மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மேல எந்திரிச்சா.

ஓங்குன சுத்தியலு அப்படியே நின்னுச்சு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது.

செங்கோடன் விரலை விட்டுப் பாத்தான். கடை வாசல்ல போன மாதிரியே போச்சு.

ரோட்டுல நிக்குறவங்களைத் திரும்பிப் பாத்தான். சூடத்தட்டோட அத்தாயி. கீழ பள்ளம். சுத்தியலைக் கீழ வச்சுட்டு, உள்ள போயி பாட்டுப் பெட்டியை நிறுத்துனான்.

"நடந்து முன்னாடி போங்க, ஸ்டெப்னியை மாட்டிட்டு வெறும் வண்டியா ஊந்து வாரேன்," அத்தாயிகிட்ட வந்து சொன்னான். "நீங்க யாருமே இல்லாம அளந்திருக்கேன், புள்ள."