செவலை கழற்றிக் கொடுத்த உட்கரு

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த தேன்மலர், இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைபார்க்கும் தன் சித்தியிடம் கேட்டுவந்து சொன்னாள். இடையில் ஏதாவது மாறியிருந்தால் அது எங்கள் இருவர் பொறுப்பு.

அந்தக் காலத்தில், இரத்தத்தில் ஓடும் அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அவற்றின் பிறந்த வீடு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்கே ஒரு தாய் எல்லாரையும் வளர்த்தாள். சிவப்பணுக்கள் உடம்பெல்லாம் காற்றைச் சுமந்து திரியும். களைத்தால் மஜ்ஜைக்குத் திரும்பி, அம்மாமேல் சாய்ந்துகொண்டு போன இடத்துக் கதைகளைச் சொல்லும். வீட்டுக்கு வழி, கிழிந்தால் தைக்கும் விதம், பிள்ளை பெறும் விதம் எல்லாம் அவற்றின் நடுவில் உருண்டையாக இருந்த உட்கருவில் பதிந்திருந்தன.

அவர்கள் குடியிருந்த உடம்பு ஆராயி என்ற நடவுக்காரியுடையது. சேற்றில் நின்ற அவள் வெறுங்கால் வழியாகக் கொக்கிப்புழு நுழைந்து, குடலில் பல்லைப் பதித்து இரத்தம் குடிக்கத் தொடங்கியது. சிவப்பணுக்கள் குறைந்தன. ஆராயியின் நகம் வெளுத்தது. ஒருநாள் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாள்.

மூளைக்குக் காற்று போதவில்லை. மிஞ்சியவர்களில் செவலை என்ற சிவப்பணு ஓடி ஓடிச் சுமந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளேன்டா," என்றான் காவல் சுற்றும் வெள்ளையணு.

"இடமில்லை அண்ணே."

"நடுவில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு இடமில்லை என்கிறாயே." வெள்ளையணு கேலியாகத்தான் சொன்னான்.

செவலை சிரிக்கவில்லை. நேரே தாயிடம் போனான். "அம்மா, இந்த உட்கருவை வாங்கிக்கொள்."

"கிறுக்கா உனக்கு? இதைக் கழற்றினால் பிள்ளை கிடையாது. கிழிந்தால் தைக்கத் தெரியாது. இந்த வீட்டுக்கு வழிகூட மறந்துபோகும்."

"ஆராயி போய்விட்டால் வீடு எங்கேம்மா இருக்கும்?"

தாய் கையை நீட்டினாள். செவலை கழற்றிக் கொடுத்தான். வேறு யாரிடமும் அகப்படக் கூடாதென்று அவள் அதை விழுங்கிவிட்டாள். செவலையின் நடு இரண்டு பக்கமும் குழிந்தது. உள்ளே கிடைத்த இடம் கொள்ளக் காற்றை ஏற்றிக்கொண்டு ஓடினான். அவனைப் பார்த்துத் தம்பிகளும் கழற்றினார்கள். வரப்பில் கிடந்த ஆராயி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

மறுபடி மஜ்ஜை வாசலைக் கடக்கும்போது செவலை சற்று நின்றான். "இது யார் வீடு அண்ணே? கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்போல இருக்கிறது."

வெள்ளையணு தாயைப் பார்த்தான்.

"சொல்லாதே," என்றாள் அவள் மெதுவாக. "சுமையோடு போகிறான்."

அன்று முதல்தான் சிவப்பணுக்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே உட்கருவைத் தாயிடம் விட்டுப் போகின்றன. கொடிய நோயில் ஆள் போதாமல் போனால் மட்டும், கழற்ற நேரமில்லாமல் சில பிஞ்சுகள் அதோடே ஓடிவந்துவிடும்.

பிறகு பாடநூலில் தேடிப் பார்த்தேன். வீட்டுக்கு வழியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் வளர்ந்தவர் இரத்தத்தில் உட்கருவுள்ள சிவப்பணு தென்பட்டால் அதைக் கடும் நோயின் அறிகுறியாகத்தான் பார்க்கிறார்கள். மஜ்ஜையில், இளம் சிவப்பணுக்களைத் தன்னைச் சுற்றி வைத்து வளர்க்கும் பெரிய அணு ஒன்றும் இருக்கிறது. அவை விட்டுப்போகும் உட்கருவை அது விழுங்கிவிடுகிறது.