ஊர்வாய்க் குடம்

மருதவள நாட்டு மன்னர் குலோத்தமராயருக்கு எதையாவது அளக்காவிட்டால் சோறு இறங்காது. யானையை அளந்தார், கோபுரத்தை அளந்தார். அளக்க வேறொன்றும் கிடைக்காமல், கடைசியில் அறிஞர்களையே அளக்கக் கிளம்பிவிட்டார்.

"இருப்பது ஒரே ஆராய்ச்சி மண்டபம். கேட்பவர்களோ இரண்டு பேர்" என்றார் சபையில். "யாருடைய ஆராய்ச்சியைப் பற்றி ஊர் அதிகம் பேசுகிறதோ, மண்டபம் அவருக்கே!"

சந்தை, படித்துறை, சாவடி என்று கூட்டம் சேரும் இடங்களிலெல்லாம் ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் ஒரு குடம் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு காவலன். ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்சு காதில் விழுந்தால், அதன் குடத்தில் ஒரு புளியங்கொட்டை. புகழ்ந்தாலும் கொட்டைதான், திட்டினாலும் கொட்டைதான். புதிதாக யாராவது ஆராய்ச்சி செய்தால் அவருக்கும் குடம் உண்டு.

போட்டியில் ஒருவர் கச்சபேசப் பண்டிதர். இடுப்பில் வாழைநார் கட்டினால் வழுக்கைத் தலையில் முடி முளைக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஊரே சிரித்தது, சண்டை போட்டது, ரகசியமாக நாரும் கட்டிக்கொண்டது. கொட்டை மழையாகக் கொட்டியது. அது போதாதென்று பண்டிதர் இரண்டு மைனாக்களுக்கு "வாழைநார்! வாழைநார்!" என்று கத்தப் பழக்கி, படித்துறை மரத்தில் விட்டார். காவலன் கடமை தவறாதவன். மைனா கத்தக் கத்தப் போட்டுக்கொண்டே இருந்தான்.

இன்னொருவர் மருத்துவர் பூதியம்மை. மழைக்காலத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் வாந்திபேதி வராது என்று கண்டு சொன்னவர். இப்போது அந்த மண்டபத்தில்தான் குழந்தைகளின் கக்குவான் இருமலுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் குடத்தின் அடியில் ஏதோ சில கொட்டைகள் கிடந்தன. அவையும் விறகு செலவாகிறதென்று அவரைத் திட்டியவர்களின் புண்ணியம்.

பூதியம்மை அரசவை விகடகவி கீரந்தையிடம் வந்தார். "மண்டபம் போனால் போகட்டும் ஐயா. மருந்து பாதியில் நிற்கிறதே! இருமி இருமி நீலம் பாய்ந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் மருந்தைப் பாருங்கள் அம்மா. குடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான் கீரந்தை. அன்றே நாவிதன் காதில் ஏதோ ஓதிவிட்டு, தன் பெயரிலும் குடம் வைக்கச் சொன்னான்.

தீர்ப்பு நாள் வந்தது. பண்டிதர் குடம் விளிம்புவரை நிறைந்திருந்தது. மன்னர் மண்டபச் சாவியை எடுத்தார்.

"சற்றுப் பொறுங்கள் அரசே, என் குடமும் வருகிறது" என்றான் கீரந்தை. வழிய வழிய நிறைந்த குடத்தை நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள்.

"அடேயப்பா! நீ என்னப்பா ஆராய்ச்சி செய்தாய்?"

"மன்னர் மீசை ஒட்டு மீசை என்று கண்டுபிடித்தேன்."

மன்னர் முகம் சிவந்தது. "என்ன திமிர் உனக்கு! ஊர் பேசினால் பொய் உண்மையாகிவிடுமா? வா, வந்து இழுத்துப் பார்!"

கீரந்தை இரண்டடி பின்வாங்கினான். "மன்னிக்க வேண்டும் அரசே. குடம் நிறைந்தபின் இழுத்துப் பார்க்கும் வழக்கம் இங்கே இல்லையே! பண்டிதர் சொன்னபடி ஒரு தலையிலாவது முடி முளைத்ததா என்று யாராவது பார்த்தோமா?"

பண்டிதர் மெல்லத் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டார். மன்னருக்கு உறைத்தது. ஆனாலும் விடவில்லை. "சரி, பண்டிதர் குடம் வெறும் சத்தம். பூதியம்மை குடத்தில் அதுகூட இல்லையே! அவர் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்?" என்று கத்தினார். கத்தியதில் தொண்டை வறண்டது. தண்ணீர் வந்தது. மடமடவென்று குடித்தார்.

"தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா அரசே?"

"காய்ச்சிய தண்ணீர் வேறெப்படி இருக்கும்?"

"காய்ச்சச் சொன்னது யார்?"

"யார் சொன்னால் என்ன? மழைக்காலத்தில் நாடே காய்ச்சித்தானே குடிக்கிறது! இந்த வருஷம் ஒரு வீட்டில்கூட வாந்திபேதி இல்லை. இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களா?"

"பேச மாட்டார்கள் அரசே. பூதியம்மையின் ஆராய்ச்சி இப்போது தங்கள் வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே காவலன் எப்படிக் கொட்டை போடுவான்?"

மன்னர் கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். சாவியைப் பூதியம்மையின் கையிலேயே கொடுத்தார். அவர் ஒரு கும்பிடு போட்டார். அடுப்பில் கஷாயம் இருக்கிறதென்று சொல்லி ஓடியே போனார்.

"உனக்கும் பொற்கிழி உண்டு கீரந்தை. ஆனால் முதலில் வீடு வீடாகப் போய், என் மீசை அசல்தான் என்று சொல்லிவிட்டு வா!"

கீரந்தையும் போய்ச் சொன்னான். அதற்குப் பிறகுதான், அதுவரை நம்பாதவர்களுக்கும் மன்னர் மீசைமேல் சந்தேகம் வந்தது.