தண்ணி நண்டுக்குக் கிடைத்த பட்டம்

ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். அங்கே சுரபுன்னை வேர்களுக்கு அடியில் ஒரு வளை. அதில் கொடுக்கன், மினுக்கி என்று இரண்டு சேற்று நண்டுகள், புருஷனும் பெண்டாட்டியுமாகக் குடியிருந்தன.

மினுக்கி அன்றுதான் ஓடு கழற்றியிருந்தாள். நண்டு வளர்வது சாமானியக் காரியமில்லை. பழைய ஓட்டை உதற வேண்டும். தண்ணீரைக் குடித்து உடம்பை ஊதிப் பெரிதாக்க வேண்டும். புது ஓடு இறுகும்வரை உடம்பு பிசைந்த மாவு மாதிரி கிடக்கும். பொடி மீன் வந்து கடித்தாலும் போச்சு! அதனால் கொடுக்கன் அவளைத் தன் வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு, நான்கு நாள் வளையை விட்டு நகராமல் காவல் இருந்தான்.

ஓடு ஓரளவு இறுகியது. மினுக்கி வெளியே வந்தாள். முன்பைவிட இரண்டு விரல்கடை அகலம்! நண்டுக்குத் தலை ஏது என்று கேட்காதீர்கள், அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“இந்தா புள்ள, ரெண்டு நத்தை கொண்டாந்திருக்கேன். தின்னு. ஓடு பெருசாயிடுச்சு, உள்ள சதை புடிக்க வேணாமா?” என்றான் கொடுக்கன்.

“இவ்வளவு பெரிய உடம்புக்கு இன்னும் தீனியா? போங்க மச்சான்!”

நடக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்புவது அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நத்தையை வீணாக்க மனமில்லாமல் கொடுக்கனே தின்றான். பத்து நாள் இப்படியே போயிற்று. அவன் கொழுத்தான், அவள் மினுக்கிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு காலையில் கழியில் மீன்தலை வாசனை அடித்தது. மினுக்கி அதைத் தேடிப் போய், வட்டக் கம்பியில் கட்டிய வலைக்குள் மாட்டிக்கொண்டாள். வலையைத் தூக்கியவன் தங்கையன். படகில் அவன் மனைவி அமிர்தவல்லியும் இருந்தாள்.

“ஆத்தாடி, எவ்வளவு பெருசு!” என்றாள் அமிர்தவல்லி.

தங்கையன் நண்டைப் புரட்டினான். கால் மடிப்பில் கட்டைவிரலால் அமுக்கினான். ஓடு உள்ளே அமுங்கியது.

“ப்ச்! தண்ணி நண்டு. விடு, போவட்டும்!” என்று சொல்லிக் கழியில் போட்டான்.

மினுக்கி ஒரே ஓட்டமாக வளைக்கு ஓடினாள்.

“மச்சான்! மச்சான்! மனுஷங்க என்னைத் தூக்கிப் பாத்துட்டு, மரியாதையா தண்ணியில எறக்கி விட்டுட்டாங்க! ‘தண்ணி நண்டு’ன்னு பட்டமும் குடுத்தாங்க! இந்தத் தண்ணிக்கே நான்தான் சொந்தக்காரியாம்!”

மறுநாளே அந்தப் பேச்சு கழி முழுக்கப் பரவிவிட்டது. “தண்ணி நண்டக்கா! தண்ணி நண்டக்கா!” என்று பொடி நண்டுகளெல்லாம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தன. பாவம், அவளும் அதை மனதார நம்பினாள்.

கொடுக்கனுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. “எதுக்குப் புள்ள அமுக்கிப் பாத்தாங்க?”

“ஆசையாத் தொட்டுப் பாத்தாங்க! நீங்களும் வந்து பாருங்களேன். அந்த மீன்தலை ருசி நாக்குலயே நிக்குது!”

“வலைன்னாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது.”

“தண்ணி நண்டோட புருஷன் பேசுற பேச்சா இது? என் மேல நம்பிக்கை இல்லையா?”

அவள் முகம் வாடினால் கொடுக்கனுக்குப் பொறுக்காது. அவள் பின்னாலேயே போய் வலைக்குள் ஏறினான்.

வலை மேலே வந்தது. தங்கையன் கொடுக்கனின் கால் மடிப்பில் அமுக்கினான். விரல் அமுங்கவில்லை.

“கல்லு மாதிரி இருக்கு! சதை நண்டு! கயித்த எடு!”

“விடுங்க! அவரு தண்ணி நண்டோட புருஷன்!” என்று மினுக்கி கத்தினாள். மனிதர்கள் காதில் நுரை பொரியும் சத்தம்தான் விழுந்தது.

“அப்ப இந்தப் பெருசு?” என்று அமிர்தவல்லி மினுக்கியைக் காட்டினாள்.

“அன்னைக்கி விட்டோமே, அதுதான். இன்னும் தண்ணி நண்டுதான். ஓடுதான் பெருசு, உள்ள சதையே இல்ல. யாரு எடுப்பா? தூக்கிப் போடு!”

மினுக்கிக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஐயோ, நானா உங்களைக் கூட்டியாந்தேன்! என்னையும் கட்டுங்க! என்னையும் கொண்டு போங்க!”

கொடுக்கன் கயிற்றுக்குள் அசைய முடியாமல் கிடந்தான். “அழாத புள்ள. நல்லதுன்னு நெனச்சுத்தான கூப்புட்ட?” என்றான். அவன் அவளைத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அமிர்தவல்லி அவளைத் தண்ணீரில் விட்டெறிந்தாள். படகு கரைப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.

“தண்ணி நண்டக்கா வந்தாச்சு!” என்று பொடி நண்டுகள் ஓடி வந்தன. “மாமா எங்கக்கா?”

“என்னை அப்படிக் கூப்புடாதீங்க. அது பட்டமில்ல. உள்ள ஒண்ணுமில்லாதவன்னு அர்த்தம். அது தெரியாம நானே உங்க மாமாவைக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்” என்று சொல்லி மினுக்கி தேம்பித் தேம்பி அழுதாள்.

தாம் எதனால் தப்பினோம் என்று அறியாமல் அதைப் பெருமையாகப் பேசித் திரிகிறவர், தம்மையே நம்பி வருகிறவரைப் பறிகொடுத்துவிடுவார்.