சாந்துப் பொட்டு

மேற்கு மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளே ஒரு வழிமண்டபம் இருக்கிறது. மிளகுப் பொதி சுமந்து மலையைத் தாண்டியவர்கள் படுத்து எழுந்து போவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்தது. இப்போது பொதியும் இல்லை, சுமப்பவரும் இல்லை. மழைக்காலத்தில் காட்டைச் சுற்றி வரும் காவலர்கள்தான் அதில் தங்குகிறார்கள். அந்த வட்டாரத்தில் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

தை பிறந்தால் வனத்துறை எங்களை உள்ளே விடும். பங்குனி முடிந்தால் கேட்டைப் பூட்டிவிடும். இடைப்பட்ட நாளில் அந்த மண்டபத்தையும் பக்கத்திலுள்ள சின்னச் சின்ன கல்கட்டடங்களையும் நாங்கள் பழுது பார்க்க வேண்டும். வண்டி வராது. மெஷின் ஓடக்கூடாது. புதுக்கல் வெட்டக்கூடாது. சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் தலைச்சுமையாகத்தான் போகும். நான் மணல் சுமக்கிறவன். என் கழுத்தைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

எங்களுக்குத் தலைவர் பிச்சம்மை. ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். பொம்பளையைப் போய் ஆசான் என்று கூப்பிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு நாள் அவருக்குக் கீழே வேலை செய்தால் போதும், கேட்ட வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அந்த வருஷம் குற்றாலிங்கம் வந்து சேர்ந்தார். ஆசானைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சென்னையில் சினிமாவுக்கு செட் போட்டவர். பிளைவுட்டில் கோட்டை கட்டுவார். நேற்று அடித்த சுவரை ஆயிரம் வருஷச் சுவர் ஆக்குவார். "பொய்யாவே கட்டி அலுத்துப்போச்சு ஆசானே, சாகறதுக்குள்ள உண்மையான கல்லு ஒண்ணைத் தொட்டுப் பழகணும்" என்று சொல்லித்தான் சேர்ந்தார். எங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வந்த முதல் நாளே மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கல்லில் விரிசல் உள்ள இடத்திலெல்லாம், விரிசலுக்குக் குறுக்கே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைச் சாந்து அப்பியிருந்தது.

"எதுக்கு ஆசானே இந்த அசிங்கம்? புது வேட்டியில காக்கா எச்சம் இட்ட மாதிரி?"

"அது பொட்டு, அண்ணாச்சி. ஒவ்வொரு வருஷமும் கெளம்புறப்ப வச்சுட்டுப் போவோம். மழைக்கு அப்புறம் வந்து பாப்போம். முழுசா இருந்தா விரிசல் தூங்குதுன்னு அர்த்தம். உடைஞ்சிருந்தா வளருது."

"சொன்னா விரிசலே தெரியாம நான் மூடிக் காட்டுவேன்."

ஆசான் சிரித்தார். சாந்துக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, "முதல்ல பொட்டு வைக்கப் பழகுங்க" என்றார்.

பழகினார். நன்றாகவே பழகினார்.

எல்லாப் பொட்டையும் பார்த்தாயிற்று, ஒன்றே ஒன்று தவிர. நடுவிலுள்ள கல் உத்திரத்தில், அந்தப் பொட்டை மறைத்து மலைத்தேனீ அடை கட்டியிருந்தது. வெளியே என்றால் புகை போட்டு விரட்டியிருப்போம். காப்பகத்துக்குள் தேனீதான் வீட்டுக்காரர், நாங்கள் வாடகைக்கு வந்தவர்கள். அது தானாக எழுந்து போகிறவரை யாரும் கிட்டே நெருங்கவில்லை.

பங்குனி கடைசி வாரம் தேனீ கிளம்பிவிட்டது. அன்றைக்குத்தான் ஒரு செய்தியும் வந்தது. மறுநாள் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். அடுத்த வருஷம் எங்களை உள்ளே விடலாமா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்வார்.

மதியம் நாங்கள் எல்லாரும் ஓடைக்கு மணல் அள்ளப் போனோம். குற்றாலிங்கம் மட்டும் மண்டபத்தில் இருந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் நடு உத்திரத்தில் விரிசலைக் காணோம். பொட்டையும் காணோம். சாந்தில் கரியும் தேயிலைச் சாறும் கலந்து, கல்லின் புள்ளி வரைக்கும் அப்படியே வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த மனுஷன் மறைத்துவிட்டார்! நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். நான் கைகூடத் தட்டினேன்.

ஆசான் ஏணியில் ஏறினார். விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எந்த இடம் அண்ணாச்சி?"

"கண்டுபிடிங்க பாப்போம்!"

"என்னால முடியல. பொட்டு என்னாச்சு?"

"சொரண்டிட்டேன். நாளைக்கு வர்ற அதிகாரி பாத்தா, அரைகுறையா விட்டுட்டுப் போறாங்கன்னு நெனைக்க மாட்டாரா? அவர் போனதும் திரும்ப வச்சுக்கலாம். பொட்டுதானே."

"திரும்ப வச்சா அது இன்னைக்கு வச்ச பொட்டு. நீங்க சொரண்டினது முழுசா இருந்துச்சா, உடைஞ்சிருந்துச்சா?"

குற்றாலிங்கம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாக்கல, ஆசானே."

சுரண்டிய தூள் கீழே கிடந்தது. அதைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்? எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கை தட்டியதும் நான்தானே என்று நினைத்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஈச்சன் வந்தார். காவலர்களில் மூத்தவர் அவர். மழைக்கு வேண்டிய பாயையும் அரிசி டின்னையும் முன்கூட்டியே கொண்டுவந்து வைப்பது அவர் வழக்கம். ஆசான் ஏணியிலிருந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, ஈச்சன் பாயை வாங்கி நீங்க விரிங்க. மழையில அவர் படுக்கிற இடம் பாத்து விரிங்க."

குற்றாலிங்கம் பாயை வாங்கினார். வாசல் பக்கம் போனார்.

"அங்க வேண்டாம்யா, யானை தும்பிக்கையை உள்ள விடும்" என்றார் ஈச்சன்.

மேற்கு மூலைக்குப் போனார்.

"அங்க சாரல் அடிக்கும்."

மிச்சம் இருந்தது நடு உத்திரத்துக்கு நேர் கீழே உள்ள இடம்தான். குற்றாலிங்கம் அங்கே வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். அவர் பூசிய பூச்சு அத்தனை அழகாக இருந்தது. பாயைப் பாதி விரித்தார். பிறகு சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னால முடியல, ஆசானே."

ஆசான் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"அப்பம் வேலை இன்னும் முடியல. வாங்க."

கேட் மூட நாலு நாள்தான் இருந்தது. உத்திரத்துக்கு அடியில் ஒரு முட்டுத்தூண் எழுப்ப வேண்டும். சாந்து இறுகுவதற்கு நாள் போதாது. ஆகவே கல்லின் மேல் கல்லே உட்கார்ந்து பாரம் தாங்க வேண்டும், சாந்து இடுக்கை அடைக்க மட்டும்தான். மண்டபத்தின் முன்பக்கம் எப்போதோ சரிந்த கற்கள் புதருக்குள் கிடந்தன. அவற்றைக் கடப்பாரை போட்டு நெம்பி, கயிறு கட்டி இழுத்தோம்.

குற்றாலிங்கம் யாரையும் முன்னால் விடவில்லை. சுண்ணாம்பு பட்டு அவர் உள்ளங்கை வெடித்தது. வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அடுத்த கல்லைப் பிடித்தார்.

"கொஞ்சம் உக்காரும்யா" என்றேன்.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். கயித்தைப் பிடிலே!"

மறுநாள் அதிகாரி வந்தார். மண்டபத்துக்குள் காலை வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் கல், சேறு, கயிறு. "முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

ஆசான் வாய் திறப்பதற்குள் குற்றாலிங்கம் முன்னால் போய் நின்றார்.

"விரிசல் வளருதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியலங்கய்யா. தெரியாமப் போனது என்னாலதான். அதனால முட்டுக் கொடுக்கோம்."

அதிகாரி அவர் கைக்கட்டைப் பார்த்தார். உத்திரத்தைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அடுத்த வருஷம் நம்மை விடமாட்டார்கள் என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். ஆனாலும் கை நிற்கவில்லை.

கடைசி நாள் உச்சி வெயிலில் தூண் உத்திரத்தைத் தொட்டது. இடுக்கில் கல்சில்லை வைத்து ஆசான் சுத்தியலால் தட்டினார். தட்டத் தட்டச் சத்தம் மாறியது. இனிமேல் இறங்காது என்கிற இடத்தில் நிறுத்தினார்.

பார்க்கச் சகிக்காத தூண். நடுக்கூடத்தில் துருத்திக்கொண்டு நின்றது. குற்றாலிங்கம் தான் பூசிய அழகுப் பூச்சைத் தன் கையாலேயே கொத்தி எடுத்தார். விரிசல் வெளியே வந்தது. அதன் குறுக்கே வெள்ளையாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு தூணடியில் பாயை விரிக்கிற இடம் எது என்று ஈச்சனிடம் அவரே காட்டினார்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஊரில் இருந்த எங்களுக்கே தூக்கம் இல்லை. குற்றாலிங்கம் இடி இடித்தால் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம், அவர் சம்சாரம் சொன்னது.

தை பிறந்தது. அனுமதியும் வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மண்டபம் கண்ணில் பட்டதுமே குற்றாலிங்கம் சுமையைப் போட்டுவிட்டு ஓடினார். ஏணியைச் சாத்தி ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபிறகும் இறங்கவில்லை. பொட்டு அவர் முகத்துக்கு நேரே இருந்தது. கீழே நின்ற எங்களுக்குத் தெரியாது. கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், யாருக்கும் தெரியாமல் சரியாக்கிவிடலாம். அதற்கு அவரைவிடக் கெட்டிக்காரர் யார்?

"உடைஞ்சிருக்கு, ஆசானே!" என்று மேலேயிருந்தே சத்தம் போட்டார்.

"நல்லாப் பாத்தியளா?"

"பாத்தேன். நடுவுல. நூல் கனம்."

இறங்கி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அந்த அசிங்கமான தூணின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு பாடுபட்டும் வளந்துருச்சே ஆசானே. அப்பம் செஞ்சதெல்லாம் வீண்தானா?"

ஆசான், எங்களை வரவேற்க வந்து நின்ற ஈச்சன் பக்கம் திரும்பினார்.

"மழைக்கு எங்கன படுத்தீங்க?"

ஈச்சன் தூணின் அடியைக் காட்டினார். பாய் அங்கேதான் விரித்தபடி கிடந்தது. பக்கத்தில் ஒரு செம்பும் விளக்கும் இருந்தன.

குற்றாலிங்கம் அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசான் தலையிலிருந்த சுண்ணாம்புக் கூடையை இறக்கி அவர் காலடியில் வைத்தார்.

"சாந்தைக் குழைங்க, அண்ணாச்சி."