கயிற்றில் கோத்த வில்லைகள்

தூத்துக்குடிக் கடற்கரையில் ஃபைபர் பாய்மரப் படகு செய்யும் கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்திய ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்க வந்த கஸ்பாருக்கு ஐம்பத்தெட்டு. மரப்படகுத் தச்சராக ஊரில் பேரெடுத்த மனிதர், இங்கே வந்து முதல் வகுப்புப் பிள்ளையாகிவிட்டார். அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். கேலியாக ஆரம்பித்தது, அதுவே நிலைத்துவிட்டது.

அங்கே அச்சுக்குள் கண்ணாடி இழை விரிப்பை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ரெசின் என்னும் பிசின் பூசிப் படகு செய்வார்கள். ரெசின் இறுகிவிட்டால் எதையும் பிரித்தெடுக்க முடியாது. எத்தனை அடுக்கு என்பது ஜெசிந்தா போட்ட வரைபடத்தில் இருக்கும்.

கஸ்பார் தனியாகச் செய்த முதல் படகு அச்சை விட்டு வெளியே வந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் சாப்பிடக்கூடப் போகாமல் ஜெசிந்தாவின் எதிரே வந்து நின்றார்.

“டீச்சர், ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“சொல்லுங்கண்ணே.”

“அடிப்பக்கம் ஒரு அடுக்கு கூடப் போட்டுட்டேன். வரைபடத்துல இல்லாதது.”

“கை தவறியா?”

“தெரிஞ்சேதான். இவ்வளவு மெல்லிசு எப்படித் தாங்கும்னு தூக்கம் வரல. மரமா இருந்தா தட்டிப் பாத்துச் சொல்லிருவேன். இதைத் தட்டினா என்ன சொல்லுதுன்னே எனக்குப் புரியல.”

ஜெசிந்தா வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள்.

“எடை கூடிரும். படகை வெட்டிப் போடணும்னா இப்பவே சொல்லிருங்க. நானும் கிளம்பிருதேன்.”

சொல்லிவிட்டுப் படகைத் திரும்பிப் பார்த்தார். ஆசை ஆசையாகச் செய்த படகு அது.

ஜெசிந்தா ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து வந்து மேசைமேல் போட்டாள். படகின் அடியில் குழாய் பொருத்தத் துளை போடும்போது வட்டமாக ஒரு வில்லை வெட்டுப்பட்டு விழும். கூடத்தில் செய்த ஒவ்வொரு படகின் வில்லையும் அந்தக் கயிற்றில் வரிசையாகக் கோத்திருந்தது. கம்பெனியின் சரித்திரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் காட்டுவது அதைத்தான்.

முதல் வில்லை அதிரசம் கனத்துக்கு இருந்தது. கஸ்பார் அதைத் தொட்டார்.

“என்ன இவ்வளவு தடிப்பு?”

“எங்கப்பா செஞ்சது. அப்ப இந்தச் சாமானைப் பத்தி இங்க யாருக்கும் தெரியாது. மரம் எவ்வளவு கனமோ அவ்வளவு போட்டாரு.”

“அந்தப் படகு?”

“இன்னும் ஓடுது. எருமை நடை.”

விரல் நகர நகர வில்லைகள் மெலிந்துகொண்டே வந்தன. நடுவில் ஒன்று பிஸ்கட் மாதிரி இருந்தது.

“இது?”

“என் கணக்கு. பந்தயத்துல முதலா வந்துச்சு. பிறகு ஒரு நாள் கடல்ல வச்சு அடி விரிஞ்சிருச்சு. கவிழ்ந்த படகைப் பிடிச்சுக்கிட்டு மூணு பேர் மிதந்தாங்க.”

“உசுரு?”

“மூணு பேரும் நல்லா இருக்காங்க. மீன்பிடிப் படகு ஒண்ணு பாத்துட்டுது.”

கஸ்பாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த வில்லை கொஞ்சம் தடித்திருந்தது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அதே தடிப்பு.

ஜெசிந்தா எழுந்துபோய், கஸ்பார் செய்த படகின் அடியில் மெஷினை வைத்துத் துளை போட்டாள். விழுந்த வில்லையை எடுத்துத் தூசி போக ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லை. அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருந்தன.

அதையும் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டாள்.

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்ப வெட்ட வேண்டாமா டீச்சர்?”

“எதுக்கு வெட்டணும்? பாய்மரம் ஓட்டிப் பழகுற பிள்ளைகளுக்குப் போற படகு. கொஞ்சம் நிதானமாப் போகட்டும்.”

கஸ்பார் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பசி தெரிந்தது. சாப்பிடக் கிளம்பியவர் வாசலில் நின்று கேட்டார்.

“அடுத்த படகுக்கு எத்தனை அடுக்கு போட?”

“வரைபடத்துல ஒண்ணு குறைச்சுத் தாரேன். நீங்க ஒண்ணு கூட்டிக்கிடுங்க.”

“அது எப்படி? குறைச்சா ஆபத்துல்லா?”

ஜெசிந்தா கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

“அந்தப் படகு கவிழ்ந்த பிறகு வரைபடத்துல ஒரு அடுக்கு என் பயத்துக்குப் போட்டது. ஒரு படகுக்கு ஒருத்தர் பயந்தா போதும்ணே.”