பலகையில் மூன்று பெயர்

விடை தேடப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. அதனால் யாரையாவது திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

கோவையில் கணபதிப் பக்கம் சாந்தாமணி ஒரு பட்டறை நடத்திவந்தார். பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. ஆட்கள் ஏழே பேர். அதற்கு முன் அவரும் வேறோர் இடத்தில் கூலிக்குக் கம்பி சுற்றியவர்தான். அங்கே, கரு கலைந்த அன்று, அரைநாள் விடுப்புக்காக நாலு ஆண்கள் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. விடுப்பு கிடைத்தது. அன்று பட்ட கூச்சம் மட்டும் போகவே இல்லை.

ஆகவே தன் பட்டறையில் ஒரு கரும்பலகையை மாட்டினார். வீட்டுக் காரியம் இருக்கிறவர் பெயரை எழுதிவிட்டு மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பலாம். ஒரு நாளைக்கு ஒருவர்தான், முந்தி எழுதியவருக்கே. "என்ன காரியம்னு நான் கேக்கமாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாமுங்க," என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பலகையில் மூன்று பெயர். முதலில் கனகராசு, அதன்கீழ் வசந்தி, கடைசியில் மருதாசலம். கனகராசு கல்யாணம் ஆகாதவர்; தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர். அவர் பெயர் பலகையில் ஏறியது அதுதான் முதல் தடவை. போதாக்குறைக்குப் பட்டறையிலேயே கைவேகம் அவருக்குத்தான். அன்று சாயங்காலம் பன்னிரண்டு மோட்டார்கள் லாரியில் ஏறியாக வேண்டும்.

வசந்தியின் மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். போன தடவையும் அவர் போகவில்லை. மருதாசலத்தின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். டாக்டரிடம் காட்ட வேண்டும். இருவரும் கேட்காமலே சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, அவருக்கு ஏதுங்க ஊடு? ஒண்டிக்கட்டைங்க," என்றார் வசந்தி. "அப்படி என்ன சோலின்னு ஒரு வார்த்தை கேளுங்க. நெசமாவே பெரிய சோலின்னா நாங்க ரெண்டு பேரும் உட்டுக்கொடுத்தர்றோம்."

நியாயமான பேச்சுதான். மருதாசலமும் தலையாட்டினார்.

"போவோணுங்க அக்கா, அவ்வளவுதானுங்க," என்றார் கனகராசு, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேண்டாம்னா பேரை அழிச்சர்றேன்."

வசந்தியின் முகத்தைப் பார்த்தால் சாந்தாமணிக்கு மனசு இளகியது. லாரியை நினைத்தால் கனகராசுவை விட மனசில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும். மணி இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.

நீங்கள் சொல்லுங்கள்: சாந்தாமணி அந்த ஒரு கேள்வியைக் கேட்கலாமா? மூவரில் யாரை அனுப்புவது சரி?

விடை: கனகராசுவைத்தான், கேட்காமல்தான். மூன்று காரணங்களையும் எடைபோட உட்கார்ந்தவர்கள் அப்போதே தோற்றார்கள். இன்று ஒருவரைக் கேட்டால், நாளை முதல் அவரவர் கஷ்டத்தைக் கடைவிரித்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். சாந்தாமணி அப்படிப்பட்ட இடத்திலிருந்து தப்பி வந்தவர். அவர் கனகராசுவை அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் தானே உட்கார்ந்து கம்பி சுற்றினார். லாரி ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தது. வசந்தி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கனகராசு எங்கே போனார் என்கிறீர்களா? அதைக் கேட்கக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடு.